சபை ஆரோக்கியமாக இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது காதில் விழும் கேள்விகள் இவை. சேகரக் கமிட்டியிலும் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள் சேர்ந்தது சேகரம்) ஓய்வுநாள் பள்ளியிலும் பொறுப்பில் இருந்தவன் என்பதால் என்னிடமும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பதில்கள் என் சொந்தக் கருத்து. எந்தத் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதியின்) அறிக்கையும் அல்ல. லுத்தரன், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கச் சபையாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஆரோக்கியமான சபைக்கு அடையாளம் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

குறையுள்ளவர் பயப்படாமல் வாய்திறக்க முடிகிறது, அதைக் கேட்டபின் பொறுப்பில் உள்ளவர்கள் எதையாவது மாற்றுகிறார்கள். இந்த இரண்டும் இருந்தால் அந்தச் சபை நன்றாக இருக்கிறது என்பேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுவார்கள். உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகிய நான்கும் எருசலேம் சபையில் இருந்தன. சரிதான். ஆனால் இந்த நான்கும் தங்களிடம் இல்லை என்று சொல்லும் சபை ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆராதனை நடக்கிறது, மாதம் தவறாமல் நற்கருணை உண்டு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமும் உண்டு. பிறகு ஏன் அங்கே பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதில்லை? அதனால் 2ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் 6ஆம் அதிகாரத்துக்கும் போகவேண்டியிருக்கிறது.

சண்டையே இல்லாத சபைதானே நல்ல சபை?

அப்படியானால் 6ஆம் அதிகாரத்தில் வரும் அதே எருசலேம் சபையே தேறாது. பெந்தெகொஸ்தே நாளின் நெருப்பு ஆறுவதற்குள் அங்கே பந்தி விசாரணையில் தகராறு. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாட உணவு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. எபிரெயர் வீட்டு விதவைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. முறுமுறுப்பு எழுந்தது.

அப்போது அப்போஸ்தலர்கள் சொல்லக்கூடியவை எத்தனையோ இருந்தன. ‘முறுமுறுப்பது பாவம், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாதா’ என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். ‘சபையைப் பிரிக்கப் பார்க்கிறீர்கள்’ என்று மிரட்டியிருக்கலாம். நம் ஊரில் இரண்டையும் கேட்டிருக்கிறோம். அவர்களோ சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தத் தரப்பு விதவைகள் விடுபட்டார்களோ, அந்தத் தரப்பின் கையிலேயே பந்தி விசாரணை போய்விட்டது. அதன்பிறகு தேவவசனம் விருத்தியடைந்தது என்று அதே பகுதியில் எழுதியிருக்கிறது.

எனவே சண்டை நடந்ததா என்று கேட்பதைவிட, நடந்தபின் என்ன மாறியது என்று கேளுங்கள். சத்தமே வராத சபைகளில் சிலவற்றில் சமாதானம் இருக்கிறது. சிலவற்றில் பயம்தான் இருக்கிறது. இரண்டும் பின்வரிசையிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும்.

ஆலயம் நிரம்பி வழிகிறது. அது வளர்ச்சி இல்லையா?

இருக்கலாம். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையிலும் புத்தாண்டு விழிப்பு ஆராதனையிலும் எல்லா ஆலயமும் நிரம்பும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தின் மூன்றாம் வாரத்தில் போய் எண்ணிப் பாருங்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் போகிறது. ஏழில் இரண்டுக்கு மட்டும் ஒரு கண்டிப்பும் இல்லை: சிமிர்னா, பிலதெல்பியா. முதலாவது ஏழைச் சபை, இரண்டாவதற்குக் கொஞ்சம் பெலன்தான் உண்டு. சர்தை சபைக்கோ ‘நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்’ என்று எழுதப்படுகிறது. சர்தையில் கூட்டத்துக்குக் குறைவு இருந்ததாகச் சொல்லவில்லை.

கோபுரத்தின் உயரமும் இப்படித்தான். மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. தேரிக்காட்டுப் பக்கம் வருகிறவர்களுக்கு அது வெகுதூரத்திலேயே தெரியும். அதைக் கட்டிய தலைமுறை பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே கட்டியது. இன்றைக்குக் கோபுரத்தை மட்டும் போட்டிபோட்டு உயர்த்தும் ஊர்களில், அடுத்த வீட்டில் எத்தனை பேர் கடனில் மூழ்கியிருக்கிறார்கள் என்று கமிட்டிக்குத் தெரியுமா?

காணிக்கைக் கணக்கைக் கேட்பது அவிசுவாசமா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள்தான் அதிகம். பவுலே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்யவேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டபோது நம் பொருளாளருக்குத் தேவைப்படாதா?

நடைமுறையில் பார்க்கவேண்டியவை எளியவை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பை வெஸ்ட்ரி என்னும் ஆலயப் பக்க அறைக்குப் போகிறது. அங்கே மேசைமேல் கொட்டி எண்ணும்போது குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்களா? இருவரும் ஒரே குடும்பத்துக்காரர்களா? எண்ணியதை அப்போதே பேனாவால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார்களா, அல்லது துண்டுத்தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்களா? அடுத்த ஞாயிறு அறிவிப்பில் தொகை வாசிக்கப்படுகிறதா? பணம் திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறதா, யாராவது ஒருவர் வீட்டு பீரோவில் தங்குகிறதா? ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்த கணக்கு சபையார் முன் வைக்கப்படுகிறதா?

இவ்வளவும் செய்யும் சபையில் திருட்டே நடக்காது என்று சொல்லவில்லை. நடந்தால் தெரிந்துவிடும். யோக்கியமான பொருளாளருக்கு இது பாதுகாப்பும்கூட. இரண்டாவது கையெழுத்து இல்லாத ஒரே காரணத்தால், ஒரு ரூபாய்கூடத் தொடாத மனிதர் ஊரார் வாயில் விழுந்து காலம் முழுக்கத் தலைகுனிந்து நடந்ததை ஒரு சபையில் நேரில் பார்த்திருக்கிறேன்.

சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் கட்டும் சந்தா) பாக்கி வைத்திருப்பவரின் வீட்டுக் கல்யாணத்தையும் அடக்கத்தையும் நிறுத்தி வைக்கலாமா?

பாக்கியை வசூலிக்கப் பிணம் விழும்வரை காத்திருக்கும் கமிட்டியைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கட்ட முடியாதவரா, கட்ட மனமில்லாதவரா என்பதை உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்குப் போய்க் கேட்டால் தெரிந்துவிடும்.

அறுப்பின் பண்டிகை ஏலமும் அசனமும் தேவையா?

ஏலத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். முருங்கைக்காய்க் கட்டு, வாழைத்தார், சேவல், வீட்டுக் கோழி முட்டை என்று விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பதில் அழகு இருக்கிறது. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும்போது கைதட்டலும் சிரிப்புமாக நேரம் போகிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரும் சென்னையில் கடை வைத்திருப்பவரும் போட்டிபோட, ஐம்பது ரூபாய்க்கு ஒரு தேங்காய் கேட்க வந்த அம்மா கையை இறக்கிக்கொள்கிறார். இதற்குச் சில சபைகள் ஒரு வழி வைத்திருக்கின்றன: சிறிய பொருள்களை ஏலத்துக்கு விடாமல் குறைந்த விலை போட்டுத் தனி மேசையில் வைத்துவிடுகிறார்கள்.

அசனம் என்னும் பொது விருந்து வேறு கதை. முந்தின இரவே அடுப்பு வெட்டி, அண்டாக்களை ஏற்றி, விடியவிடிய ஆண்கள் கறி வெட்டுவதும் பெண்கள் வெங்காயம் உரிப்பதுமாக இருக்கும் ஓர் இரவில் நடக்கும் ஒப்புரவு எந்தக் கமிட்டித் தீர்மானத்தாலும் நடப்பதில்லை. வடித்த சோற்றைப் பாயில் மலைபோல் குவித்து, ஜெபித்து, ஊரார் எல்லாரையும் சாதி மத வேறுபாடில்லாமல் உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். அங்கே நான் கவனிப்பது இரண்டு. பரிமாறுகிறவர்கள் யார், எச்சில் இலை எடுக்கிறவர்கள் யார்? வர முடியாமல் படுத்திருக்கும் பாட்டிக்குத் தூக்குவாளியில் சோறு போகிறதா?

கொரிந்து சபையார் சேர்ந்து சாப்பிட்ட பந்தியில் ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறியாயிருந்தான். பவுல் அந்தச் சபையை மிகக் கடுமையாகக் கண்டித்த இடங்களில் அதுவும் ஒன்று. நற்கருணை பற்றி நாம் மாதந்தோறும் கேட்கும் வார்த்தைகள் அந்தக் கண்டிப்பின் நடுவில்தான் வருகின்றன.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே. பிறகு ஏன் சபை ஆரோக்கியம் என்றவுடன் சாதியைப் பேசுகிறீர்கள்?

விசுவாசப் பிரமாணத்தில் இல்லை. பெஞ்சில் இருந்தது, இன்னும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். தரங்கம்பாடியில் 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய நாள்முதல் சுவிசேஷ சபைகளில் இந்தச் சிக்கல் உண்டு. தஞ்சாவூரில் வேளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்டோர் மறுபுறமும் உட்காருவது நெடுநாள் வழக்கமாகவே இருந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சாதி வேறுபாட்டைச் சபைகள் உடனே கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே அந்தக் காலத்து இளம் மிஷனரிகளின் சாதி ஒழிப்பை எதிர்த்து எழுதியவர்தான். பாட்டைப் பாடுவோம், இதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துக்கு இரண்டு நீண்ட மண்டபங்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் போலப் பிரிந்து பீடத்தருகே சேரும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். நடுவில் சுவர். குருவானவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். மக்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. 1910இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். தடுப்பு எங்கள் உரிமை என்று நீதிமன்றம் போனவர்களுக்கு அங்கே வெற்றி கிடைக்கவில்லை. சுவரை எழுப்பும்போது எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டிருக்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு தரப்பை இழந்துவிடக் கூடாது என்ற ‘நடைமுறை ஞானம்’ அந்தச் சுவருக்குள் இருக்கிறது. இன்றும் அதே ஞானத்தோடு எத்தனையோ ஏற்பாடுகள் செய்கிறோம்.

இப்போதெல்லாம் தனிப் பெஞ்சு அரிது. எனவே வேறு இடத்தில் பார்க்கவேண்டும். டிசம்பர் மாதத்தில் கேரல் குழு இரவில் வீடு வீடாகப் போகும்போது எந்தத் தெருவுக்குக் கடைசியில் போகிறது, எந்தத் தெருவை ‘நேரமாகிவிட்டது’ என்று விட்டுவிடுகிறது என்று பாருங்கள். சேகரகுரு (சேகரத்தின் ஆயர்) எந்தத் தெரு வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்? எந்தத் தெருவில் நின்றபடியே ஜெபித்துவிட்டு வருகிறார்? கமிட்டிப் பட்டியலில் எந்தக் குடும்பப் பெயர்கள் எந்தக் காலத்திலும் வருவதே இல்லை? இறந்தவரை எங்கே அடக்கம் செய்கிறார்கள்?

பொன்மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம், கந்தைக்காரனுக்குப் பாதபடியண்டை என்று யாக்கோபு எழுதியது இருக்கை ஏற்பாட்டைப் பற்றித்தான். அதை அவர் விசுவாசத்தோடு சம்பந்தப்பட்ட விஷயமாகவே வைத்தார். தலித் கிறிஸ்தவர்களுக்கு அரசின் கதவும் முழுதாகத் திறந்ததில்லை: 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சபையும் கதவைச் சாத்தினால் அவர்கள் எங்கே போவார்கள்?

நல்ல ஆயர் எப்படி இருப்பார்?

வீட்டுக்கு வருவார். இதற்குமேல் பெரிய பட்டியல் என்னிடம் இல்லை.

கொஞ்சம் விளக்குகிறேன். நம் திருமண்டலங்களில் சேகரகுரு சில ஆண்டுகளில் மாற்றலாகிவிடுவார். முதல் ஆண்டு பெயர்கள் பழகவே போய்விடும். கடைசி ஆண்டு அடுத்த இடத்தைப் பற்றிய யோசனையில் போய்விடும். இடைப்பட்ட காலத்தில் எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார் என்பதே அவருடைய ஊழியத்தின் பெரும்பகுதி. கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் பிரதிஷ்டை என்று அழைத்த வீடுகளுக்கு எல்லாரும் போவார்கள். மகன் குடித்துவிட்டுக் கிடக்கும் வீட்டில் யாரும் அழைக்கமாட்டார்கள். அங்கே போனாரா என்பதைக் கேளுங்கள். ஆயரின் மனைவியான ஐயரம்மாவும் சேர்ந்து போனால் ஆண்களிடம் சொல்லாத பல விஷயங்கள் வெளியே வரும். ஆனால் அவர் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியர் என்று சபை எண்ணிக்கொள்ளக் கூடாது.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே.ச. அசரியா, 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டாரைப் பார்த்து, நீங்கள் ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். 1912இல் அவரே தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அன்று வெள்ளைக்காரரிடம் அவர் கேட்டதை இன்று எத்தனையோ கிராமத்துச் சபைகள் தங்கள் சொந்த ஆயர் ஐயாவிடமே கேட்கவேண்டிய நிலையில் இருக்கின்றன.

ஆயருக்கும் ஓர் ஆயர் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய குறையைக் கேட்க யாரும் இல்லாத சபை, பிறருடைய குறையை அவர் கேட்பார் என்று எப்படி எதிர்பார்க்கலாம்?

பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கவேண்டும்?

துரோவாவில் பவுல் நடுராத்திரிமட்டும் பேசினார். ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பவுல் அவனை உயிரோடு எழுப்பினார். அந்த வரம் உள்ளவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

கீர்த்தனையா, பாமாலையா, கிட்டாரோடு புதிய பாடல்களா?

மூன்றும். மேலைநாட்டு மெட்டோடு பாமாலை வந்தபோது அது அந்நியச் சரக்கு. கீர்த்தனை வந்தபோது அதைச் சதிர்க் கச்சேரி என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். பாடகர் குழு மட்டும் பாடிச் சபையார் கேட்டுக்கொண்டிருந்தால்தான் கவலைப்படவேண்டும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கேளுங்கள்; சபை பாடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தேர்தல் வந்தாலே சபை இரண்டாகிவிடுகிறது. தேர்தலே வேண்டாம் என்று விடலாமா?

வேண்டாம் என்று விட்டால் அதிகாரம் தானாக மறைந்துவிடாது. கேட்பாரில்லாத ஓர் ஆள் கையில் போய்ச் சேரும். சபையார் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் திருமண்டலப் பெருமன்றத்துக்கு அனுப்பும் முறை நல்ல முறைதான்.

கெட்டது எங்கே என்றால், பதவியோடு பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிலங்களும் வருகின்றன. அவற்றில் ஆசிரியர் பணியிடங்கள் வருகின்றன. அந்தப் பணியிடங்களைச் சுற்றிப் பணம் நடமாடும் என்ற பேச்சு எல்லாருக்கும் தெரிந்ததே. ஜெபக்கூட்டத்துக்குப் பத்துப் பேர் வராத ஊரில் வாக்குப்பதிவு நாளில் வேன் வைத்து ஆள் இறக்குவது பக்தியினால் அல்ல. வழக்குகள் நீதிமன்றம் ஏறி, ஓய்வுபெற்ற நீதிபதிகள் திருமண்டல நிர்வாகத்தைக் கவனித்த காலங்களையும் பார்த்துவிட்டோம். சகோதரர் வழக்கை அவிசுவாசிகள் முன் கொண்டுபோவதா என்று பவுல் கேட்டார். ஆனால் உள்ளே முறையிட இடமில்லாதபோதுதான் ஜனம் வெளியே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு சபை தன் அளவில் செய்யக்கூடியவை உண்டு. வாக்காளர் பட்டியலை நேரத்தோடு ஆலயச் சுவரில் ஒட்டலாம். ஒருவரே மூன்று, நான்கு முறை தொடர்ந்து நிற்பதற்குத் தடை போடலாம். நெருங்கிய உறவினர் இருவர் ஒரே கமிட்டியில் இருப்பதைத் தவிர்க்கலாம். தேர்தலுக்கு அடுத்த ஞாயிறு தோற்ற அணியிலிருந்து ஒருவரை வேதபாடம் வாசிக்க அழைக்கலாம். சின்ன விஷயம்தான், ஆனால் அன்று ஆலயம் முழுவதும் அதைக் கவனிக்கும். யோவானின் மூன்றாம் நிருபத்தில் முதன்மையாயிருக்க விரும்புகிற தியோத்திரேப்பு வருகிறான். தனக்குப் பிடிக்காதவர்களைச் சபைக்குப் புறம்பாக்குவது அவன் வேலை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அவன் ஒவ்வொரு தேர்தலிலும் நிற்கிறான்.

பெண்களுக்கு எவ்வளவு இடம்?

பாளையங்கோட்டைச் சபை 1780இல் 40 பேரோடு தொடங்கியது. அதன் தூணாக நின்றவர் குளோரிந்தா என்ற விதவை. 1785இல் ஆலயம் எழுப்பியதும் அவரே. பெண்ணுக்கு இடம் கொடுக்கலாமா என்று திருநெல்வேலிச் சபைகள் யோசிப்பது, வீட்டைக் கட்டியவரை வாசலில் நிறுத்தி யார் என்று விசாரிப்பது போல இருக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்றார். சட்டம் திறந்துவிட்டது, கிராமம் இன்னும் திறக்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கம் நோயாளிகளைச் சந்திக்கும், ஆலயத்தைப் பெருக்கும், பண்டிகைக்குப் பணம் திரட்டும். அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் அறையில் எத்தனை சேலை தெரிகிறது?

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கும் நிலை எப்போதும் வரக் கூடாது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், திறந்த கதவு, முகாம்களில் தனித்தனித் தங்குமிடம். யார் வேண்டுமானாலும் வந்து பாடம் எடுக்கலாம் என்ற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டி கூடி விசாரிப்பதற்கு இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்), குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. ‘சபையின் பெயர் கெட்டுவிடும்’, ‘மன்னித்துவிடுங்கள்’, ‘பெண்பிள்ளை வாழ்க்கை’ ஆகிய மூன்று வாக்கியங்களும் எந்த வாயிலிருந்து வந்தாலும் அந்த வாயிடம் பிள்ளையைத் திரும்ப விடாதீர்கள். மன்னிப்பைப் பற்றிப் பேசும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உண்டு, அதுவும் அவர் விரும்பும் காலத்தில்.

ஜெபித்தால் போதும், மருந்தை நிறுத்து என்கிறார்கள். அது விசுவாசமா?

நிறுத்தாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு, மனநோய் எதற்கும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை விடக் கூடாது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த வயிற்று உபாதைக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். அவரோடு இருந்த லூக்காவே வைத்தியர்தான். மருந்தை விடச் சொல்லும் ஊழியக்காரர், நிலைமை மோசமானால் மருத்துவமனைச் செலவுக்கு வருவதில்லை என்பது ஊரறிந்தது.

இளைஞர்கள் ஏன் வேறு சபைகளுக்குப் போகிறார்கள்?

பாட்டும் ஒலிபெருக்கியும்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். போனவர்களிடமே கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் வேறு. ‘அங்கே என் பெயர் தெரியும்’ என்றார்கள். வேலை கிடைக்காமல் இரண்டு ஆண்டு வீட்டில் இருந்தபோது சொந்தச் சபையில் எல்லாரும் ‘இன்னும் ஒன்றும் ஆகவில்லையா’ என்று கேட்டார்களாம். புதிய சபையில் ஒருவர் மடிக்கணினியை இரவல் கொடுத்து, விண்ணப்பம் நிரப்ப உதவினாராம். உபதேச வேறுபாட்டைப் பற்றி நாம் பேசவேண்டியதை அதற்குப் பிறகு பேசலாம்.

இன்னொன்று, படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் போய்விடுகிறார்கள். அவர்கள் சபையை விட்டுப் போகவில்லை, ஊரை விட்டுப் போனார்கள். போகும் ஊரில் உள்ள சபைக்கு ஒரு கடிதம் எழுதி, இன்னார் வருகிறார் என்று அறிமுகம் செய்யும் பழக்கம் முன்பு இருந்தது. இப்போது கல்யாணத்துக்குச் சான்று கேட்கும்போதுதான் கடிதம் நினைவுக்கு வருகிறது.

எங்கள் சபை சரியில்லை. விட்டுப் போய்விடலாமா?

முதலில் மத்தேயு 18இன் படி போங்கள்: தனியாகப் பேசுங்கள், பிறகு இரண்டொருவரோடு, பிறகு சபையிடம். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்; முதலில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, கடைசிவரை அந்த மனிதரிடம் நேரில் பேசுவதே இல்லை.

பிரசங்கம் அலுப்பாக இருக்கிறது, நாற்காலி வசதியில்லை, பொருளாளர் முகம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் போகாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஆபத்து என்றால், குறை சொன்னவரைக் குடும்பத்தோடு ஒதுக்கிவைக்கிறார்கள் என்றால், ஊழியக்காரரின் வார்த்தையை வேதத்துக்கு மேலே வைக்கச் சொல்கிறார்கள் என்றால் போய்விடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்னும்போது மத்தேயு 18இன் படிகளும் தேவையில்லை, அன்றைக்கே போங்கள்.

எங்கள் சபையில் இருபது குடும்பங்களே உண்டு. ஐயா மாதம் ஒருமுறைதான் வருவார். இதெல்லாம் பெரிய சபைகளுக்குத்தானே?

இந்த நாட்டுச் சபைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கின. முதலூர் 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்று ஏற்பட்ட சிறு குடியிருப்பு. பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்ட சத்தியநாதன் முதலில் உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாத ஊழியர். குருப்பட்டம் பெற்றது பின்னர், 1790இல். உபதேசியார்கள் நடத்திய ஜெபத்திலும் பள்ளிக்கூடத்திலும்தான் தலைமுறைகள் வளர்ந்தன.

இருபது குடும்பத்துக்கு வெஸ்ட்ரியும் கமிட்டி அறையும் தேவையில்லை. காணிக்கையை எல்லார் முன்னும் எண்ணிவிடலாம். வேதபாடம் வாசிப்பதை வீட்டு வரிசைப்படி வைத்துக்கொண்டால், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டின் முறை வரும்போது அந்த வீட்டுப் பேரப்பிள்ளை வந்து வாசிக்கும். ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு அரைமணி நேரம் ஒதுக்கி, யாருக்கு என்ன குறை என்று கேளுங்கள். சொன்னதையும் அதற்குச் செய்ததையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து அடுத்த மாதம் வாசியுங்கள். படுக்கையில் இருப்பவர்களின் பெயர்களை உபதேசியாரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஐயா வரும் ஞாயிறு பிற்பகலில் அந்த வீடுகளுக்கே நற்கருணையைக் கொண்டுபோகலாம். முன்கூட்டியே சொன்னால்தான் அவர் மதிய பஸ்ஸைப் பிடிக்காமல் தங்குவார்.